பழசும் இருக்கும்

பிரகதாம்பாள்: இதுவா? இத போன பொங்கலுக்கே காயலான் கடைக்குப் போடணும்னு ஒதுக்கி வெச்சிருந்தேனே தம்பி!

ஜெக்கரியா: போட்டிருந்தீங்கன்னா இன்னிக்குப் புதுசா ஒண்ணு தேட வேண்டியிருக்கும். நல்ல மிஷின்மா. தூசியத் தட்டினா போதும்.

பிரகதாம்பாள்: எட்டு வருஷம் வரவேற்புல வெச்சு ஓட்டியாச்சு. ஆன் பண்ணிட்டு ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாம், அவ்வளவு நேரம்...

வானதி: காப்பி இல்லம்மா. சாப்பாடு.

ஜெக்கரியா: அதுல விண்டோஸப் போட்டு, அது மேல மூணு ஆன்டிவைரஸப் போட்டு, சும்மா இருக்கிற நேரத்துல சீரியலும் பார்த்தா... பாவம், அது என்ன பண்ணும்? இனிமே இதுக்கு ஒரே வேலை. உங்க திருமணத் தகவல் மையத்துல இருக்கிற பயோடேட்டா, ஜாதகம், போட்டோ எல்லாத்தையும் தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கணும். இதான் உங்க பேக்கப் சர்வர்.

பிரகதாம்பாள்: சர்வர்னா பீரோ மாதிரி பெருசா... லைட்டெல்லாம் மினுக்கு மினுக்குன்னு...

ஜெக்கரியா: சர்வர்ங்கறது செய்யிற வேலைமா. உருவம் இல்ல.

பிரகதாம்பாள்: நம்ம மாப்பிள்ளைங்க கதையால்ல இருக்கு. ‘எக்ஸிக்யூட்டிவ்’னு போட்டிருக்கும். நேர்ல போய்ப் பார்த்தா பெட்ரோல் பங்க்ல காத்து அடிச்சிக்கிட்டு இருப்பான்.

வானதி: அந்த ‘எக்ஸிக்யூட்டிவ்’ நாம போட்டதும்மா.

பிரகதாம்பாள்: நீ வாய மூடிக்கிட்டு அவருக்கு அந்த ஸ்க்ரூ டிரைவர எடுத்துக் குடு. இன்னும் ஒம்போது நாள்ல கல்யாணத்த வெச்சுக்கிட்டு இவளுக்கு வாயப் பாருங்க தம்பி.

ஜெக்கரியா: பத்திரிகை வந்துச்சும்மா. வீட்டுல எல்லாரும் வர்றோம். பட்டுக்கோட்டையில தானே மண்டபம்?

வானதி: ஆமாண்ணே. மாப்பிள்ளை ஊரு.

பிரகதாம்பாள்: ஊருக்கெல்லாம் வரன் பார்க்கிறவ, கூடவே எட்டு வருஷமா டைப் அடிச்சிக்கிட்டு இருக்கிற பொண்ணுக்குப் பார்க்கலன்னா நல்லாவா இருக்கும்? மூணு வருஷம் சல்லடை போட்டுச் சலிச்சேன். கடைசியில தங்கமான பையன்... அது சரி, இந்த ரெண்டு டப்பா என்ன?

ஜெக்கரியா: ஹார்டிஸ்க். புதுசு. ரெண்டுலயும் ஒரே விஷயம்தான் இருக்கும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு நிக்கும்.

பிரகதாம்பாள்: அப்ப ஏற்கெனவே நம்ம கம்ப்யூட்டர்ல ஒண்ணு, இதுல ரெண்டு. மொத்தம் மூணா?

ஜெக்கரியா: நாலாவதா ஒரு காப்பி வேற இடத்துல இருந்தா இன்னும் நல்லது. மாசம் ஒரு தடவை ஒரு டிஸ்க்ல ஏத்தித் தர்றேன், உங்க தம்பி வீட்டுல வெச்சிருங்க. நாளைக்கே இந்த பில்டிங் தீப்பிடிச்சா...

பிரகதாம்பாள்: தம்பி! நல்ல நாள் அதுவுமா! சந்தனம் குங்குமம் வெக்கிறதுக்கு முன்னாடியே ஏன் இப்படி வாயில வருது?

ஜெக்கரியா: சரிம்மா, சரிம்மா. தீப்பிடிக்காது. தண்ணி பூந்துருச்சுன்னா...

வானதி: அண்ணே, விட்டுருங்கண்ணே.

பிரகதாம்பாள்: போன மாசம் பட்டதே போதும். ஆடி முடிஞ்சு ஆவணி பொறக்குது, நாலு வீட்டுக்காரங்க கெளம்பி வர்ற நேரம். அன்னிக்குன்னு பார்த்து இந்தக் கம்ப்யூட்டர் ‘டக்கு டக்கு’ன்னு சத்தம் போட்டுச்சு. போச்சு! எத்தனை நாள் விவரம் வானதி?

வானதி: அண்ணன் மீட்டுக் குடுத்தது போக, பதினோரு நாளைக்குது போச்சும்மா.

பிரகதாம்பாள்: பதினோரு நாள்! ஒவ்வொரு வீட்டுக்கா ஃபோனப் போட்டு, ‘கோச்சுக்காதீங்க, பொண்ணு விவரம் மறுபடி ஒரு தடவை சொல்லுங்க’ன்னு கேட்டா... மானம் போச்சு.

வானதி: யாரும் கோச்சுக்கலியே. சந்தோஷமால்ல சொன்னாங்க. ஒரத்தநாட்டு அம்மா மொத தடவை பொண்ணுக்கு முப்பத்தொண்ணுன்னு சொன்னாங்க. மறுபடி கேட்டப்ப இருபத்தெட்டு.

ஜெக்கரியா: பதினோரு நாள்ல மூணு வயசா!

வானதி: இன்னொரு தடவை டிஸ்க் போச்சுன்னா அந்தப் பொண்ணு காலேஜ்ல படிச்சிக்கிட்டு இருக்கும்.

பிரகதாம்பாள்: சிரிங்க, சிரிங்க. பெத்தவ மனசு உங்களுக்குத் தெரியாது... தம்பி, டிவி எங்க?

ஜெக்கரியா: என்ன டிவி?

பிரகதாம்பாள்: இதுக்கு. மானிட்டரு. கீபோர்டு. எதையும் மாட்டல நீங்க.

ஜெக்கரியா: வேணாம்மா. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டாச்சு. இந்த ஒயரு வழியா உங்க கம்ப்யூட்டரோட பேசிக்கும். அது பாட்டுக்கு மூலையில கெடந்து வேலை பார்க்கும்.

பிரகதாம்பாள்: வேலை பார்க்குதா தூங்குதான்னு நமக்கு எப்படித் தெரியும்?

வானதி: எம்மேல இருக்கிற அதே சந்தேகம்தாண்ணே.

ஜெக்கரியா: தினம் வேலை முடிஞ்சதும் உங்க ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வரும்மா. கரண்ட் போய் வந்தாலும் அதுவா எழுந்துக்கும். நீங்க சொல்ல வேண்டியதில்ல. ஒண்ணே ஒண்ணு, அந்த லேஸ் வெச்ச துணிய எடுத்துருங்க. காத்துப் போகணும்.

பிரகதாம்பாள்: நானே தெச்சது தம்பி.

ஜெக்கரியா: அழகா இருக்கும்மா. ஆனா சூடாயிரும்.

பிரகதாம்பாள்: சரி... ப்ரிண்டருக்குப் போட்டுக்கிறேன். இப்ப காப்பி ஓடுதா?

ஜெக்கரியா: மொதல்ல இந்த பிஸ்கட் டின்ல குடுத்தீங்களே பழைய ஹார்டிஸ்க் மூணு, அத ஏத்தினேன். உங்க பழைய கம்ப்யூட்டருங்கள்ல இருந்தது. ஒவ்வொண்ணும் தனித்தனி ஃபோல்டர். இப்ப இருக்கிறதயும் ஏத்தியாச்சு. இனிமே நீங்க ஒரு ஃபைல்ல என்ன மாத்தினாலும் கவலையே இல்ல. மாத்தினதும் இருக்கும், மாத்தறதுக்கு முன்னாடி இருந்ததும் இருக்கும்.

பிரகதாம்பாள்: ...என்னது?

ஜெக்கரியா: பழசும் இருக்கும்மா. தேதி வாரியா.

பிரகதாம்பாள்: பழசு எதுக்கு?

ஜெக்கரியா: அதுக்குத்தானேம்மா பேக்கப்பே. தெரியாம அழிச்சிட்டா, தப்பா மாத்திட்டா...

பிரகதாம்பாள்: இங்க யாரும் தப்பா மாத்தறதில்ல தம்பி. யோசிச்சு யோசிச்சுத்தான் மாத்தறோம். பழச மறைக்கத்தானே ஜனங்க எங்ககிட்டயே வர்றாங்க! நீங்க பாட்டுக்குத் தேதி போட்டு எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்றீங்க!

வானதி: அம்மா, வியர்க்குது பாருங்க, ஃபேன் போடவா?

பிரகதாம்பாள்: போடு. தம்பி, புதுச மட்டும் வெச்சுக்கிற மாதிரி செய்ய முடியாதா?

ஜெக்கரியா: முடியும். ஆனா அது பேக்கப் இல்லம்மா. வைரஸ் வந்து இங்க கெடுத்துச்சுன்னா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தக் கெட்டதயே பத்திரமா எடுத்து வெச்சுக்கும்.

பிரகதாம்பாள்: இப்ப நீங்க அந்தப் பழைய ஃபோல்டர எல்லாம் பார்த்தீங்களா?

ஜெக்கரியா: பார்க்கணும்னு பார்க்கல. சரியா ஏறிச்சான்னு அங்கங்க ஒண்ணு தெறந்து பார்த்தேன். ஒரே பேர்ல ரெண்டு மூணு இருந்துச்சு. இதோ, திருக்காட்டுப்பள்ளிப் பையன் ஒருத்தர். மொத டிஸ்க்ல ‘தொழில்: விவசாயம், பதினாறு ஏக்கர் நஞ்சை, ஆத்துப் பாசனம்.’ அடுத்த டிஸ்க்ல ‘அக்ரி பிசினஸ்.’ இப்ப இருக்கிறதுல ‘அக்ரி கன்சல்டன்ட்.’

பிரகதாம்பாள்: அதுல என்ன பொய்?

ஜெக்கரியா: யாருக்கும்மா கன்சல்ட் பண்றாரு?

வானதி: அவங்கப்பாவுக்கு.

பிரகதாம்பாள்: நீங்க சிரிப்பீங்க. பதினாறு ஏக்கர்னு எழுதின வரைக்கும் ஒரு ஜாதகம் திரும்பிப் பார்க்கல. தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்துக்கிட்டு, வாசல்ல நெல்லக் கொட்டி வெச்சுக்கிட்டு, ‘விவசாயின்னா வேணாம்’ங்கறாங்க. சென்னையில ஒரு ரூம்ல ஆறு பேரா படுத்துக் கெடக்கிறவனுக்குப் பொண்ணு தர வரிசையில நிக்கிறாங்க. நான் என்ன பண்றது? கன்சல்டன்ட்னு போட்டேன். மூணு மாசத்துல முடிஞ்சுது. இப்ப அந்தப் பொண்ணு நாத்தங்கால்ல நின்னு ஆளுங்கள வேலை வாங்குது. சந்தோஷமாத்தான் இருக்கு.

ஜெக்கரியா: தப்புன்னு சொல்லலம்மா...

பிரகதாம்பாள்: மாநிறத்த சிவப்புன்னு எழுதறதும், அஞ்சடி ஒண்ண அஞ்சடி மூணுன்னு எழுதறதும் பொய்யில்ல தம்பி. வீட்டுப்படி ஏறி வர்றதுக்கு ஒரு வழி. வந்தப்புறம் அவங்களே பார்த்துக்கறாங்க. ஆனா ஒண்ணு. ஆயிரம் மாத்துவேன், ரெண்டு விஷயத்துல மட்டும் கை வெக்க மாட்டேன். வியாதி. ஏற்கெனவே கல்யாணம் ஆனது. அதுல நான் சுத்தம். கேட்டுப் பாருங்க இவள.

வானதி: அண்ணே, இந்த ஒயர எங்க வெக்கணும்?

பிரகதாம்பாள்: சொல்லேன்டி.

வானதி: சுத்தம்தாண்ணே.

ஜெக்கரியா: சரிம்மா. இப்ப கடைசி வேலை. பேக்கப் எடுத்து வெச்சா மட்டும் போதாது. திரும்ப எடுக்க வருதான்னு பார்க்கணும். முக்காவாசிப் பேரு அதச் செய்யாம விட்டுட்டு, தேவைப்படுற அன்னிக்குத் தெறந்து பார்த்தா காலியா இருக்கும். ஏதாவது ஒரு ஃபைல் சொல்லுங்க, சர்வர்லேருந்து எடுத்துக் காட்டறேன்.

பிரகதாம்பாள்: மொத மொத எடுக்கிறது. மங்கலமா இருக்கணும்... வேற யாரு? நம்ம வானதி மாப்பிள்ளைதான். பட்டுக்கோட்டை மதிவாணன். எடுங்க!

வானதி: அது எதுக்கும்மா... வேற ஏதாவது...

ஜெக்கரியா: ஆமாம்மா, அது வேணாம். அது கொஞ்சம்... பெரிய ஃபைலு.

பிரகதாம்பாள்: ஒரு பக்கம்தானே?

ஜெக்கரியா: போட்டோ பெருசும்மா. நேரம் ஆகும்.

வானதி: ஒரத்தநாட்டுப் பொண்ணுத எடுங்கண்ணே.

பிரகதாம்பாள்: அவளுக்கு வெக்கத்தப் பாருங்க! தம்பி, தள்ளுங்க. நானே எடுக்கிறேன். நாளைக்கு நீங்க இல்லாதப்ப நான் செய்யணும்ல. எங்க அழுத்தணும்? இந்தப் பூதக்கண்ணாடியா?

ஜெக்கரியா: அம்மா, அது வந்து... இன்னிக்கு நெட்வொர்க் கொஞ்சம்...

பிரகதாம்பாள்: பதிவு எண்ணு எனக்கு மனப்பாடம். ரெண்டு... மூணு... ஒண்ணு... ஏழு. ஆங், வந்துருச்சு! ரெண்டு வருதே?

ஜெக்கரியா: ரெண்டாவத அழுத்துங்கம்மா. ரெண்டாவது.

பிரகதாம்பாள்: அழுத்திட்டேன். மொதலாவத அழுத்திட்டேனோ? பரவால்ல, ரெண்டும் ஒண்ணுதானே. தொறக்குது பாருங்க! தம்பி, நீங்க கெட்டிக்காரர். போட்டோவுல பையன் இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருக்கான்... வானதி, உனக்கு ஏன் இப்படி இருமல் வருது? தண்ணி குடி.

வானதி: ஒண்ணுமில்லம்மா. மூடிருங்க, சாப்பாட்டு நேரமாச்சு.

பிரகதாம்பாள்: இரு இரு, படிக்கிறேன். பேர் மதிவாணன். ஊர் பட்டுக்கோட்டை. தொழில், கயிறு ஆலையில மேற்பார்வை. சொத்து, தென்னந்தோப்பு ஒண்ணரை ஏக்கர்... ‘கஜா புயலில் விழுந்தது போக நாற்பது மரம்.’ அப்பவே நெனச்சேன், பைத்தியக்காரன்! பட்டுக்கோட்டைப் பக்கம் பூராவும் விழுந்த மரத்தையும் சேர்த்துத்தான் எழுதறான். இவன் மட்டும்... திருமண நிலை...

ஜெக்கரியா: அம்மா.

பிரகதாம்பாள்: திருமண நிலை... தம்பி, என் கண்ணாடியத் தொடச்சுத் தாங்க.

ஜெக்கரியா: ...இந்தாங்க.

பிரகதாம்பாள்: ‘விவாகரத்து பெற்றவர்.’

வானதி: மூடிருங்கம்மா.

பிரகதாம்பாள்: ‘விவாகரத்து பெற்றவர். ஒரு வருட மண வாழ்க்கை. குழந்தை இல்லை.’ இது யாரு ஃபைலு? தம்பி, உங்க மிஷினு ரெண்டு பேருத கலந்துருச்சு. காயலான் கடைச் சாமான வெச்சு...

ஜெக்கரியா: கலக்காதும்மா.

பிரகதாம்பாள்: நான் பார்த்ததுல ‘திருமணமாகாதவர்’னு இருந்துச்சு! இந்தக் கையால எடுத்து, இந்தக் கண்ணால படிச்சேன்!

ஜெக்கரியா: அது ரெண்டாவது ஃபைல்மா. இப்ப இருக்கிறது. இது பழைய டிஸ்க்ல இருந்தது.

பிரகதாம்பாள்: அய்யோ... அய்யய்யோ... மோசம் போயிட்டேனே! வானதி, இங்க வா. உக்காரு. அழாத. உங்கண்ணன் சாமிதுரைகிட்ட நெஞ்சத் தட்டிச் சொன்னேனே, ‘எம் பொண்ணா இருந்தாலும் இவனுக்குத்தான் குடுப்பேன்’னு. பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபம் சொல்லியாச்சு... படுபாவி, மொகத்தப் பார்த்தா பச்சப்புள்ள மாதிரி இருந்தானே!

வானதி: நான் அழலம்மா.

பிரகதாம்பாள்: அதிர்ச்சி. அப்படித்தான் இருக்கும். ஃபோன எடு. அவனையே கேக்கறேன்.

வானதி: வேணாம்மா.

பிரகதாம்பாள்: ஏன் வேணாம்? இவ்வளவு பெரிய விஷயத்த மறைச்சு... அதுவும் நம்மகிட்டயே! இத்தனை வருஷத்துல ஒருத்தன் என்னை ஏமாத்தினதில்ல!

ஜெக்கரியா: அம்மா, ஒரு வாய் தண்ணி குடிங்க.

பிரகதாம்பாள்: தம்பி, உள்ளத ஒண்ணு சொல்றேன். வானதி, நீயும் கேளு. உன் பயோடேட்டாவுல இருபத்தொம்பதுன்னு நான்தான் போட்டேன். முப்பத்து மூணுன்னு போட்டா எவனும் வர மாட்டான்னு. அந்தப் பையனுக்குப் பண்ண துரோகம்தான் இப்படித் திரும்புதோ என்னவோ...

வானதி: அவருக்கு என் வயசு தெரியும்மா.

பிரகதாம்பாள்: தெரியுமா? எப்படி?

வானதி: நான் சொன்னேன்.

பிரகதாம்பாள்: நீ சொன்னியா! நீ உண்மையச் சொன்ன, அவன் உங்கிட்ட மறைச்சிருக்கான். பாருங்க தம்பி, பாருங்க! இத எப்ப மாத்தினான்னு பார்க்க முடியுமா? யாரோ உள்ள பூந்து...

ஜெக்கரியா: இப்ப எதுக்கும்மா அதெல்லாம்...

பிரகதாம்பாள்: தேதி வாரியா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? சொல்லுங்க!

ஜெக்கரியா: ...மார்ச் பதினொண்ணு. மதியம் ஒண்ணே கால்.

பிரகதாம்பாள்: மார்ச் பதினொண்ணு... அன்னிக்கு நான் கும்பகோணத்துல ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். ஆபீஸ்ல யாரு இருந்தது?

ஜெக்கரியா: அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். அத வெச்சு யாருன்னெல்லாம்...

வானதி: விடுங்கண்ணே. நான்தான் இருந்தேன்.

பிரகதாம்பாள்: நீ இருந்தா... நீ சாப்பிடப் போன நேரத்துல யாராவது...

வானதி: நான் சாப்பிடப் போகலம்மா. நான்தான் மாத்தினேன்.

ஜெக்கரியா: நான் வேணா வெளியில போய் ஒரு டீ...

பிரகதாம்பாள்: உக்காருங்க தம்பி! ஏன்டி... நீயா? உனக்கே நீயா?

வானதி: ஆமாம்மா.

பிரகதாம்பாள்: அவன் பண்ணச் சொன்னானா?

வானதி: இல்ல. அவர் சொல்ல மாட்டார். அவர் பழக்கமானதே ஃபைல திருத்தச் சொல்லித்தான். நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்கம்மா வந்து பதிஞ்சுட்டுப் போனாங்க, நூறு தென்னமரம்னு. மறுநா அவர் ஃபோன் பண்ணி, ‘மேடம், அறுபது புயல்ல போச்சு, நாப்பதுன்னு போடுங்க’ன்னார். ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஃபோன். ‘எனக்கு விவாகரத்து ஆனத எங்கம்மா சொல்லியிருக்க மாட்டாங்க, சேர்த்துக்குங்க.’ அப்புறம் சம்பளம். ‘அம்மா சொன்னதுல பாதிதான் மேடம்.’

பிரகதாம்பாள்: பாதியா!

வானதி: எட்டு வருஷமா டைப் அடிக்கிறேம்மா. ஃபோன் பண்றவங்க எல்லாம் கூட்டுங்கன்னு சொல்லுவாங்க, இல்ல மறைங்கன்னு சொல்லுவாங்க. ‘கொறச்சுப் போடுங்க’ன்னு சொன்னவர் அவர் ஒருத்தர்தான். எனக்கு சிரிப்பா வந்துச்சு. அப்புறம்... அவர் ஃபோன் எப்ப வரும்னு பார்க்க ஆரம்பிச்சேன். திருத்தறதுக்கு ஒண்ணும் இல்லாதப்பவும் பண்ணினார்.

ஜெக்கரியா: பாவம், ரெண்டு பேரும்.

பிரகதாம்பாள்: நீங்க சும்மா இருங்க. எல்லாம் சரி. உங்கண்ணன்? அப்பா இல்லாத பொண்ணுன்னு உன்ன தூக்கி வளர்த்தவன். அவன ஏமாத்தி இருக்கியேடி! எடு ஃபோன. சாமிதுரைகிட்ட நானே சொல்லி, காலுல விழுந்தாவது...

வானதி: அண்ணனுக்குத் தெரியும்மா.

பிரகதாம்பாள்: என்ன தெரியும்?

வானதி: எல்லாம். நிச்சயத்துக்கு முன்னாடியே அவர் திருக்காட்டுப்பள்ளியில எங்க வீட்டுக்கே நேர்ல போய் அண்ணன்கிட்ட சொல்லிட்டார். ‘பேப்பர்ல இருக்கிறது தப்பு, எனக்கு ஒரு தடவை ஆகி முறிஞ்சுபோச்சு’ன்னு. அண்ணன் மூணு நாள் எங்கிட்ட பேசல. நாலாம் நாள் சொல்லாம கொள்ளாம பட்டுக்கோட்டைக்குப் போய், தோப்புக்குள்ள எறங்கி மரத்தை எண்ணியிருக்கார்.

ஜெக்கரியா: நாப்பது இருந்துச்சா?

வானதி: நாப்பத்தொண்ணு.

ஜெக்கரியா: அட!

வானதி: வந்து, ‘ஒண்ணு கொறச்சுத்தான் சொல்லியிருக்கான், பரவால்ல’ன்னார். அவ்வளவுதான். சரின்னுட்டார்.

பிரகதாம்பாள்: அப்ப அந்தப் பேப்பரு? ஊர்ல அத்தனை பேருக்கும் காட்டினானே உங்கண்ணன், நான் அச்சடிச்சுக் குடுத்தத?

வானதி: பங்காளிங்களுக்குக் காட்டத்தான்மா. ‘வாயால சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. பிரகதாம்பாள் அம்மா சீல் போட்ட தாள்னா ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்’னார். மாப்பிள்ளை ஒத்துக்கல. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்தாங்க. யாராவது நேரா கேட்டா அவர் உண்மையத்தான் சொல்லுவார். ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேக்கல.

பிரகதாம்பாள்: யாரும் கேக்கலியா?

வானதி: தாளு இருக்கும்போது எதுக்குக் கேக்கணும்?

பிரகதாம்பாள்: உங்கண்ணனுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும்... தம்பி, நீங்க ஏன் ‘பெரிய ஃபைலு’ன்னீங்க?

ஜெக்கரியா: ...இன்னிக்குப் பழைய டிஸ்க்க ஏத்தினப்பவே பார்த்துட்டேம்மா. பத்திரிகையில பேரு பார்த்ததால ஞாபகம் இருந்துச்சு. எனக்கு எதுக்கு வம்புன்னு...

பிரகதாம்பாள்: அதுக்கப்புறமும் ‘திரும்ப எடுக்க வருதான்னு பார்க்கணும்’னு ஏன் ஆரம்பிச்சீங்க?

ஜெக்கரியா: நாலாயிரம் ஃபைல்ல நீங்க நேரா அதுல போய் நிப்பீங்கன்னு நான் கண்டேனாம்மா?

பிரகதாம்பாள்: ஆக, இந்தக் கல்யாணத்துல தெரியாதவ நான் ஒருத்திதான். முடிச்சு வெச்சவ நான். ஊர் பூரா ‘உங்க கைராசி’ன்னு புகழ்ந்தது என்னைத்தான்.

வானதி: கல்யாணத்த நிறுத்திருவீங்களாம்மா?

பிரகதாம்பாள்: நான் யாருடி நிறுத்த? நாப்பத்தொரு மரத்தையும் எண்ணிட்டு வந்து ஒருத்தன் சம்மதிச்சிருக்கான்... கல்யாணம் நடக்கும். முன் வரிசையில உக்காந்து நான் சாப்பிடுவேன். தம்பி!

ஜெக்கரியா: சொல்லுங்கம்மா.

பிரகதாம்பாள்: அந்த ரெண்டு ஃபைல்ல எத நம்ம கம்ப்யூட்டர்ல வெக்கப் போறீங்க?

ஜெக்கரியா: நீங்க சொல்றதத்தான். எதுவா இருந்தாலும் இன்னொண்ணு சர்வர்ல...

பிரகதாம்பாள்: தெரியும், இருக்கும். பழசையே வைங்க. கல்யாணம் முடிஞ்ச ஃபைல்ல பொய் எதுக்கு? அழாதடி, இப்ப எதுக்கு அழற... ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஆறல. எட்டு வருஷமா பக்கத்துல உக்காந்து ஒரே டப்பாவுல சாப்பிடறோம். எங்கிட்ட வந்து ‘அம்மா, எனக்கு இவரப் பிடிச்சிருக்கு, இப்படி இப்படி விஷயம்’னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

வானதி: போன கார்த்திகையில அவர் ஃபைல எடுத்து உங்க மேசையில வெச்சேம்மா, ‘எனக்கு இது சரியா வருமா பாருங்க’ன்னு. ‘விவாகரத்து’ங்கற வரிய மட்டும் பார்த்துட்டு, ‘இரண்டாந்தாரமா? கீழ் அலமாரியில போடு, உனக்கு என்ன கொறச்சல்’னு தள்ளி விட்டுட்டீங்க. மார்ச்சுல அந்த ஒரு வரிய மட்டும் மாத்தி, மறுபடி அதே ஃபைல அதே மேசையில வெச்சேன். ஒரு வார்த்தை சேர்க்கல, ஒரு மரம் கூட்டல. பத்து நிமிஷம் பொறுமையா படிச்சுட்டு நீங்களே கூப்பிட்டுச் சொன்னீங்க, ‘ஏன்டி, இவ்வளவு நேர்மையா ஒருத்தன் இத்தனை நாளா எங்கடி இருந்தான்’னு.